சினுலோக் நடக்காத ஜனவரி: செபு நகரம், 2021

2020 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. பிலிப்பைன்ஸின் செபு நகரத் தெருக்களில் லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நின்றார்கள். முரசுகள் அதிர, நடனக் குழுக்கள் மணிக்கணக்காகக் கடந்து போயின. “பிட் சென்யோர்!” என்ற முழக்கம் ஓயவில்லை. குழந்தை இயேசுவுக்கு எடுக்கப்படும் சினுலோக் திருவிழா அன்று எந்தக் குறையும் இல்லாமல் நடந்தேறியது.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 21 அன்று, ஊஹானிலிருந்து ஹாங்காங் வழியாக 38 வயதுச் சீனப் பெண் ஒருவர் பிலிப்பைன்ஸ் வந்து சேர்ந்தார். செபுவுக்கும் டுமகெட்டே நகரத்துக்கும் போனார். நாட்டின் முதல் கோவிட் நோயாளி என்று ஜனவரி 30 அன்று அறிவிக்கப்பட்டவர் அவர்தான். அவருடன் பயணம் செய்த ஆண் பிப்ரவரி 1 அன்று இறந்தார். சீனாவுக்கு வெளியே பதிவான முதல் கோவிட் மரணம் அது. அவர்களுடைய பயணம் மூன்றே நாள் முன்னதாக அமைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த ஆண்டின் ஜனவரியை. 2021இல் சினுலோக் நடக்கவில்லை. ரத்து செய்தது சரியா என்ற கேள்விக்கு விடை எளிது: சரிதான். அப்போது அந்நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கவில்லை, கூட்டமே நோய் பரவும் வழியாக இருந்தது. ஆனால் ஒரு திருவிழா நின்றபோது அதற்குள் இருந்த எவையெல்லாம் நின்றன, எதைக் காப்பாற்ற அதிகமாகப் பாடுபட்டார்கள், எது விவாதத்துக்கே வராமல் போனது என்ற கேள்விகளுக்கு விடை எளிதல்ல. அவற்றுக்காகத்தான் இந்த நிகழ்வை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று விழாக்கள், ஒரே பெயர்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சினுலோக் என்றால் ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று நடக்கும் மாபெரும் அணிவகுப்பு. மின்னும் உடைகள், ஆளுயரத்தைத் தாண்டும் காட்சிப் பொருட்கள், பித்தளை வாத்தியங்கள், பரிசுத் தொகை, விளையாட்டரங்கில் நடக்கும் இறுதிப் போட்டி. இந்த வடிவத்துக்கு வயது அதிகமில்லை. 1980இல் அன்றைய இளைஞர், விளையாட்டு அமைச்சகத்தின் வட்டார அதிகாரியாக இருந்த டேவிட் ஒடிலாவ் மாணவர்களைத் திரட்டி நடத்திய ஊர்வலம்தான் இதன் தொடக்கம். அடுத்த ஆண்டு நகரம் அதைத் தன் கையில் எடுத்தது. பிறகு அதற்கென்றே ஓர் அறக்கட்டளை உருவானது.

அதற்கு அடியில் இருப்பது மிகப் பழையது. 1521 ஏப்ரல் 14 அன்று, ஸ்பெயினுக்காகக் கடலோடிய மெகல்லனின் கப்பலில் வந்தவர்கள் செபுவின் அரசர் ஹுமாபோனுக்கும் அரசிக்கும் திருமுழுக்கு அளித்தார்கள். அரசிக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது ஓரடி உயரமுள்ள குழந்தை இயேசுவின் மரச் சுரூபம். இரண்டு வாரம் கூட ஆகவில்லை, ஏப்ரல் 27 அன்று பக்கத்துத் தீவான மக்தானில், அதன் தலைவர் லாபுலாபுவின் வீரர்கள் மெகல்லனைக் கொன்றார்கள். எஞ்சிய ஸ்பானியர்கள் ஓடிப் போனார்கள். 44 ஆண்டுகள் கழித்து, 1565இல், ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை செபுவுக்கு வந்து ஊரை எரித்தபோது, எரிந்து போன வீடு ஒன்றில் ஹுவான் காமுஸ் என்ற படைவீரர் அந்தச் சுரூபத்தைக் கண்டெடுத்தார். இடைப்பட்ட காலத்தில் அதை மக்கள் தங்கள் பழைய வழிபாட்டு முறையில் வணங்கி, அதன் முன் ஆடிவந்தார்கள் என்பது செபு மக்களின் நம்பிக்கை. சுரூபம் இன்று அகுஸ்தினார் சபையின் பொறுப்பில் உள்ள பேராலயத்தில், துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

அந்தப் பேராலயத்தைச் சுற்றியும் மெகல்லன் சிலுவை மண்டபத்தின் அருகிலும் மெழுகுதிரி விற்கும் பெண்கள் நிற்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். மஞ்சளும் சிவப்புமாக உடுத்தியிருப்பார்கள். நீங்கள் ஒரு திரி வாங்கி, உங்கள் வேண்டுதலையும் யாருக்காக வேண்டுகிறீர்கள் என்பதையும் சொன்னால் போதும். அந்தப் பெண் திரியைக் கையில் ஏந்தி, இரண்டடி முன்னே ஓரடி பின்னே வைத்து மெல்ல ஆடிக்கொண்டே உங்கள் வேண்டுதலைக் குழந்தை இயேசுவிடம் சொல்வார். அணிவகுப்பில் ஆயிரம் பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தின் அடிப்படை அடவு இந்த இரண்டும் ஒன்றும்தான். ஜனவரி என்றில்லை, ஆண்டு முழுவதும் அவர்கள் ஆடுகிறார்கள். மருத்துவமனையில் மகன் கிடக்கிறான், கணவர் வெளிநாட்டுக் கப்பலில் இருக்கிறார், நாளை மறுநாள் செவிலியர் தேர்வு என்று வருகிறவர்களின் கவலைகளை முன்பின் தெரியாத ஒரு பெண் தன் உடம்பில் ஏற்றி ஆடுவதைவிட உருக்கமான வழிபாட்டை நான் அறியேன்.

இவற்றுக்கு நடுவே தேவாலயத்தின் விழா இருக்கிறது. ஒன்பது நாள் நவநாள். முதல் நாள் விடியலில் தவநடை, கடைசி நாள் மறுபடி ஒரு தவநடை. வெள்ளிக்கிழமை சுரூபம் பக்கத்து நகரமான மண்டவேயின் சூசையப்பர் ஆலயத்துக்குப் போகும். இயேசு, மரியா, சூசையப்பர் என்ற திருக்குடும்பம் ஓரிரவு ஒன்றுகூடுகிறது என்று அதற்குப் பொருள். மறுநாள் விடியலில் நூற்றுக்கணக்கான படகுகள் சூழ, கடல்வழியே செபுவுக்குத் திரும்பும். அன்று பிற்பகல் தரைவழிப் பெரும் பவனி. ஞாயிறன்று ஆடம்பரத் திருப்பலி. எல்லாம் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை சுரூபத்தின் அரச உடைகளைக் களைந்து எளிய ஆடை அணிவிக்கும் சடங்கு நடக்கும். அத்துடன் விழா நிறைவுறும். இந்த நாள்களில் மக்கள் தங்கள் வீட்டுச் சுரூபங்களையும் தூக்கி வருவார்கள். மீனவர் உடையில், போலீஸ் சீருடையில், பச்சைப் பட்டில் என்று விதவிதமான குழந்தை இயேசுக்கள் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஆடிக்கொண்டிருப்பார்கள்.

நகரத்தின் விழா, கோயிலின் விழா, திரி விற்கும் பெண்ணின் ஆட்டம் மூன்றும் ஒரே பெயரில், ஒரே கூட்டத்துக்குள் கலந்திருந்ததால் யாரும் அவற்றைப் பிரித்துப் பார்த்ததில்லை. கொள்ளைநோய் பிரித்துக் காட்டியது.

2020: நகரம் மூச்சு முட்டிய ஆண்டு

செபுவின் முடிவைப் புரிந்துகொள்ள முந்தைய மாதங்களைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் இறுதியில் நகரம் முடக்கப்பட்டது. ஏப்ரலில் லூஸ் என்னும் வட்டாரத்தின் சப்பாத்தேரா குடியிருப்பில் நோய் வேகமாகப் பரவியது. வீடும் வீடும் முதுகு ஒட்டி நிற்கும் இடம் அது. தனிமைப்படுத்திக்கொள் என்று சொன்னால் எங்கே போவார்கள்? சிறைச்சாலையிலும் தொற்று பெருகியது. ஜூன் நடுவில் நாட்டின் பிற பகுதிகள் தளர்வுகளை நோக்கி நகர்ந்தபோது, செபு நகரம் மட்டும் மறுபடியும் மிகக் கடுமையான முடக்க நிலைக்குத் தள்ளப்பட்டது. நிலைமையை மேற்பார்வையிட அன்றைய அதிபர் துதெர்த்தே, முன்னாள் ராணுவத் தளபதியும் சுற்றுச்சூழல் அமைச்சருமான ரோய் சிமாத்துவை அனுப்பினார். கவச வாகனங்கள் தெருவில் வந்து நின்றன.

அந்த ஜூன் மாத இறுதியில்தான், பசாக் சான் நிக்கோலாஸ் என்ற பகுதியின் ஒரு குடியிருப்பில், ஊர்த் திருவிழாவுக்காகப் பவனியும் சினுலோக் நடனமும் நடந்தன. கூட்டம் கூடியது. காணொளி நாடெங்கும் பரவியது. அதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள், கண்டனங்கள் குவிந்தன.

கண்டனம் நியாயமானதே. ஆனாலும் அந்தக் கூட்டத்தைப் பொறுப்பற்றவர்கள் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்த கட்டுரைகளுடன் எனக்கு உடன்பாடில்லை. நோய்க்காலத்தில் செபு மக்கள் எதைச் செய்யக் கற்றிருந்தார்களோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள். தீ, பஞ்சம், காய்ச்சல் எது வந்தாலும் குழந்தை இயேசுவின் முன் ஆடுவது அங்கே பல தலைமுறைப் பழக்கம். 2013 அக்டோபரில் 7.2 அளவு நிலநடுக்கம் பேராலயத்தின் மணிக்கூண்டை இடித்தது. அடுத்த மாதம் ஹையான் புயல் செபுவின் வடபகுதியைக் கிழித்துப் போட்டது. அப்படியிருந்தும் 2014 ஜனவரியில் சினுலோக் நடந்தது. துயரம் பெரிதாக இருக்கும்போது கூட்டமும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அனுபவம். இந்த முறை மட்டும் கூட்டமே கேடு என்று யாரோ வந்து சொல்கிறார்கள். இத்தனை தலைமுறைப் பழக்கத்தைச் சில மாத அறிவிப்புகளால் மாற்றிவிட முடியும் என்று எதிர்பார்த்தது நிர்வாகத்தின் பிழைக்கணக்கு.

முடிவு எப்படி வந்தது

2021இன் சினுலோக் ஞாயிறு ஜனவரி 17. தெரு அணிவகுப்பு இல்லை என்பது அதற்கு வெகு முன்பே தெளிவாகிவிட்டது. நடனங்களைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிடும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. விழா நெருங்கியபோது, தொற்று மறுபடி ஏறும் அச்சத்தில், மேயர் எட்கார்டோ லாபெல்லா தலைமையிலான நகர நிர்வாகம் அதையும் கைவிட்டது. நவநாள் திருப்பலிகள் இணைய ஒளிபரப்பை நம்ப வேண்டியதாயிற்று. தவநடை, படகுப் பவனி, தரைப் பவனி எதுவும் வழக்கமான வடிவில் நடக்கவில்லை.

இணையப் போட்டியையும் கைவிட்டது பலருக்கு மிகையாகத் தெரிந்தது. பார்வையாளர் இல்லாத இடத்தில் ஆடிப் படம் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள். ஆனால் சினுலோக் குழுவின் ஆபத்து மேடையில் இல்லை, ஒத்திகையில் இருக்கிறது. ஒரு குழுவில் ஆட்டக்காரர்கள், காட்சிப் பொருள் தூக்குகிறவர்கள், வாத்தியக்காரர்கள், உடை தைப்பவர்கள், சமைப்பவர்கள் என்று பெருங்கூட்டம் உண்டு. பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி வயதினர். மாதக்கணக்கில் ஒரே கூடத்தில் மூச்சிரைக்க ஆடி, பல நேரம் அங்கேயே சாப்பிட்டுத் தூங்குவார்கள். இரவு வீடு திரும்பினால் அங்கே பாட்டி இருப்பாள். ஒளிப்பதிவு அரை மணி நேரம்தான், அதற்கு முந்தைய மாதங்கள்தான் கேள்வி. அந்த அளவில் நகரத்தின் முடிவு சரியானது.

பின்னால் வந்த செய்திகளும் அதையே உறுதி செய்தன. ஜனவரி 13 அன்று, நவநாள் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரிட்டனில் முதலில் கண்டறியப்பட்ட வேகமாகப் பரவும் உருமாறிய வைரஸ் பிலிப்பைன்ஸுக்குள் வந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. பிப்ரவரியில், செபு அடங்கிய மத்திய விசயாஸ் வட்டாரத்தின் மாதிரிகளில் கவலைக்குரிய இரு மரபணு மாற்றங்கள் சேர்ந்தே காணப்பட்டன. பின்னர் பி.3 என்று பெயரிடப்பட்ட வகை அது. நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியதோ மார்ச் 1 அன்றுதான். லட்சக்கணக்கானோர் கூடும் விழா அந்த ஜனவரியில் நடந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் சிதைந்திருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

யார் யார் எதை இழந்தார்கள்

அன்றைய விதிகளின்படி 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் அவசியத் தேவை இல்லாமல் வெளியே வரக் கூடாது. வெளியே வருகிறவர்கள் முகக்கவசத்தோடு நெகிழி முகத்தடுப்பும் அணிய வேண்டும். 10 வயது வரை தளர்த்தலாம் என்று அந்த ஜனவரியில் ஒரு யோசனை வந்தது. மாத இறுதியில் அதிபரே அதை நிறுத்திவிட்டார்.

இந்த விதியைத் திருவிழாவோடு பொருத்திப் பாருங்கள். ஒரு குழந்தையைக் கொண்டாடும் விழா. அதில் குழந்தைகளுக்கு இடமில்லை. அந்தக் குழந்தைக்காக ஆடத் தெரிந்தவர்கள் கிழவிகள். அவர்களுக்கும் இடமில்லை. அடவைக் கற்றுக்கொடுக்கும் தலைமுறையும் கற்றுக்கொள்ளும் தலைமுறையும் ஒரே ஆணையால் வீட்டுக்குள் வைக்கப்பட்டன. மருத்துவக் காரணம் முழுக்கப் புரிகிறது. முதியோரைக் காக்க அதைவிட நேரடியான வழி அன்று இல்லை. ஆனால் ரத்தைப் பற்றிய அறிக்கைகளும் செய்திகளும் போட்டியைப் பற்றியும் பயணிகளைப் பற்றியும் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இந்த இழப்பைப் பற்றிப் பேசவில்லை என்பதே என் வருத்தம்.

திரி விற்கும் பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் அவர்களுக்கு வருமானம் உண்டு, ஆனால் ஜனவரி வருமானம்தான் கடன் அடைக்கும் வருமானம். 2020இல் கோயில் வாசல் பல மாதம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு அந்த ஜனவரியும் போயிற்று. விடுதிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் சங்கங்கள் உண்டு, பேசுவதற்கு ஆள் உண்டு. 2019இல் 82 லட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2020இல் சுமார் 15 லட்சமாகச் சரிந்தார்கள் என்று கணக்குக் காட்ட அவர்களால் முடிந்தது. நாட்டின் பொருளாதாரம் அந்த ஆண்டு 9 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது என்ற கணக்கும் இருக்கிறது. ஒரு திரிக்கு ஓர் ஆட்டம் என்று வாழும் பெண்ணின் இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

நடனக் குழுக்களின் இழப்பு வேறு மாதிரி. பதினெட்டு வயதில் ஆடுகிறவருக்கு இரண்டு ஜனவரி போனால், இருபதில் அவர் வேலை தேடி மணிலாவிலோ துபாயிலோ இருப்பார். மீண்டும் ஆட வரமாட்டார். உடைக்கு மணி கோக்கிறவர்கள், தெர்மோகோலில் கோட்டைகளும் கப்பல்களும் செதுக்குகிறவர்கள், சட்டைகளில் படம் அச்சிடுகிறவர்கள் எல்லோருக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் அறுவடை. வயல் விதைக்கப்படாத ஆண்டு போல அது கடந்து போனது.

அடுத்து, கடல் கடந்திருப்பவர்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்து சினுலோக் முடித்துத் திரும்புவது வெளிநாட்டில் உழைக்கும் செபுக்காரர்கள் பலரின் ஆண்டுக் கணக்கு. 2020இல் வேலையிழந்து லட்சக்கணக்கான பிலிப்பினோக்கள் தாயகம் திரும்பினார்கள். வேலையில் எஞ்சியவர்களால் திரும்ப முடியவில்லை. விமானம் கிடைத்தாலும் தனிமைப்படுத்தும் நாள்களிலேயே விடுமுறை தீர்ந்துவிடும். செவிலியராக இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. உலகின் பல மருத்துவமனைகளில் கோவிட் வார்டுகளைத் தாங்கியவர்களில் பிலிப்பினோச் செவிலியர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய ஊரின் திருவிழா நின்றுபோன ஞாயிறன்று அவர்களில் எத்தனையோ பேர் பணியில் இருந்திருப்பார்கள்.

திரைக்குப் போனதும் போகாததும்

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. ஆகவே சற்று நின்று பார்க்கிறேன்.

அதே மாதத்தில், பனாய் தீவில், இலோயிலோ நகரம் வேறு வழியில் போனது. அங்கே குழந்தை இயேசுவுக்கு நடக்கும் டினாக்யாங் விழாவை இணையவழி விழாவாக மாற்றினார்கள். குழுக்களைத் தனித்தனியே தங்கவைத்து ஒத்திகை நடத்தி, நிகழ்ச்சிகளை முன்கூட்டியே படமாக்கி, ஜனவரி நான்காம் வார இறுதியில் வெளியிட்டார்கள். படப்பிடிப்பின் தரம் நன்றாகவே இருந்தது. கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது. நோய்க்கட்டுப்பாட்டை இத்தனை ஒழுங்காகச் செய்ய முடியுமானால் இணைய விழா சாத்தியமே என்பதற்கு இலோயிலோ ஓர் எடுத்துக்காட்டு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் திரைக்குப் போனது எந்தப் பாகம் என்று கவனிக்க வேண்டும். மேடைக் காட்சி போனது. ஏற்கெனவே நடுவர்களுக்கும் ஒளிப்பதிவுக் கருவிகளுக்கும் தொலைவில் அமர்ந்த பார்வையாளர்களுக்கும் என்றே வடிவமைக்கப்பட்ட பாகம் அது. அதனால்தான் எளிதாகப் போயிற்று. திருப்பலியும் ஓரளவு போனது. வீட்டுச் சுரூபத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, திரி ஏற்றி, குடும்பமாக நவநாள் ஜெபம் சொன்னவர்கள் அந்த ஆண்டு மிகப் பலர். உடல்நலமில்லாதவர்களும் தொலைவில் இருப்பவர்களும் முதல்முறையாக ஒன்பது நாளும் விடாமல் பங்குகொள்ள முடிந்தது. அது உண்மையான ஆதாயம்.

போகாதவை எவை? கண்ணாடிப் பேழையைத் தொட வரிசையில் நின்று, உள்ளங்கையை ஒரு நொடி அதன்மீது வைத்து எடுப்பது. விடியலில் வெறுங்காலோடு நடப்பது. கூட்டத்தில் முன்னால் நிற்பவரின் சுரூபம் தலையில் இடிக்க, பின்னால் நிற்பவரின் பாட்டு காதில் விழுவது. தன் கவலையை இன்னொருத்தியிடம் கொடுத்து ஆடச் சொல்வது. இவை உடம்பால் செய்யும் வேண்டுதல்கள். திரை காட்டுவதைக் கண் வாங்கிக்கொள்ளும். கால் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு. முந்தைய சில ஆண்டுகளில் சினுலோக் நாள்களின்போது பாதுகாப்புக் காரணத்தால் நகரத்தில் கைப்பேசி அலைவரிசையை நிறுத்தியே வைத்திருந்தார்கள். அதாவது இந்த விழா இணைப்பே இல்லாமல் இயங்கப் பழகிய விழா. கூட்டத்தில் யாரும் யாரையும் அழைக்க முடியாது. சிலுவை மண்டபத்தில் சந்திப்போம் என்று முன்பே பேசிவைத்துப் போவார்கள். 2021இல் அதே விழா முற்றிலும் அலைவரிசையை நம்ப வேண்டிவந்தது. சப்பாத்தேரா போன்ற குடியிருப்புகளில் கைப்பேசியில் தரவு வாங்கப் பணம் இருந்தவர் எத்தனை பேர், ஒரே கைப்பேசியில் பிள்ளைகளின் இணைய வகுப்பும் நடக்க வேண்டிய வீட்டில் நவநாளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை யாரும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கவில்லை. தெருவில் நின்று பார்க்க ஒரு காசு கூடத் தேவைப்படாத விழா, வீட்டில் இருந்து பார்க்கக் காசு தேவைப்படும் விழாவானது.

மணிலாவில் கியாப்போ ஆலயத்தின் கறுப்பு நசரேனார் (சிலுவை சுமக்கும் இயேசுவின் கறுத்த சுரூபம்) விழா இதோடு ஒப்பிடத்தக்கது. 2021 ஜனவரி 9 அன்று அங்கே புகழ்பெற்ற பெரும் பவனியை நிறுத்தினார்கள். ஆனால் திருப்பலிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, இடைவெளி விட்டு, சிறு சிறு கூட்டமாக மக்களை அனுமதித்தார்கள். அதிலும் நெரிசல் இருந்தது, விமர்சனம் இருந்தது. 2022இல் ஓமிக்ரான் வேகத்தில் ஜனவரி 7 முதல் 9 வரை ஆலயத்தையே மூடினார்கள். அடைப்புகளுக்கு வெளியே தெருவில் முழந்தாளிட்டு மக்கள் ஜெபித்தார்கள். இலோயிலோ காட்சியைக் காப்பாற்றியது, கியாப்போ முதல் ஆண்டில் உடலின் வழிபாட்டில் ஒரு சிறு பங்கையாவது காப்பாற்ற முயன்றது. செபுவோ இரண்டையும் பெருமளவு விட்டுக்கொடுக்க வேண்டிய நிலையில் இருந்தது.

ஐந்நூறாம் ஆண்டின் வலி

2021 சாதாரண ஆண்டு இல்லை என்பதுதான் செபுவின் துயரத்தை இரட்டிப்பாக்கியது. பிலிப்பைன்ஸில் கிறிஸ்தவம் வந்த 500ஆம் ஆண்டு அது. அதற்காகக் கத்தோலிக்க ஆயர்கள் பல ஆண்டு முன்பே தயாரிப்புகளைத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சுரூபம் செபுவின் கைக்கு வந்த 500ஆம் ஆண்டின் சினுலோக், வரலாற்றிலேயே பெரிய சினுலோக்காக இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 14 அன்று ரோமில் புனித பேதுரு பேராலயத்தில், ரோம் வாழ் பிலிப்பினோக்களின் சிறு கூட்டத்துடன் போப் பிரான்சிஸ் இதற்கென ஒரு திருப்பலி நிறைவேற்றினார். குழந்தை இயேசுவின் சுரூபம் அங்கே பவனியாக வந்தது. ஏப்ரல் 14 அன்று செபுவில் முதல் திருமுழுக்கின் நினைவு நிகழ்ச்சி கட்டுப்பாடுகளுடன் நடந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நாள், வரையறுத்த எண்ணிக்கையோடு கழிந்தது.

அந்த வரலாறு அங்கேயே விவாதத்துக்குரியது. வாளோடு வந்த மதம் அல்லவா என்று கேட்பவர்கள் செபுவிலும் இருக்கிறார்கள். மக்தான் வெற்றியின் 500ஆம் ஆண்டும் அதே ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் அந்தப் பெரும் கேள்வி ஒருபுறம் இருக்க, ஒரு கிழவி தன் வாழ்நாளில் ஒருமுறை வரும் அந்த ஆண்டில் கோயில் வாசலுக்குப் போக முடியாமல் இருந்தாள் என்பதை எந்த வரலாற்றுப் பார்வையும் சிறிதாக்கிவிட முடியாது.

ஒடெட்டேயும் சேறும்

2022இல் மீண்டு வருவோம் என்று நம்பினார்கள். 2021 நவம்பரில் மேயர் லாபெல்லா காலமானார். டிசம்பர் 16 அன்று, பிலிப்பைன்ஸில் ஒடெட்டே என்று பெயரிடப்பட்ட ராய் புயல் செபுவைத் தாக்கியது. கூரைகள் பறந்தன. பல வாரங்கள் மின்சாரம் இல்லை, குடிதண்ணீருக்கு வரிசை. அதோடு ஓமிக்ரானும் வந்தது. இரண்டாம் ஆண்டாக நகரத்தின் சினுலோக் போட்டி நடக்கவில்லை. 2013இன் இரட்டைப் பேரிடருக்குப் பின் ஆடிய நகரம் இந்த முறை ஆட முடியவில்லை.

2023 ஜனவரி 15 அன்று விழா திரும்பியது. ஆனால் இடம் மாறியிருந்தது. பழக்கமான செபு நகர விளையாட்டரங்கை விட்டு, கடலைத் தூர்த்து உருவாக்கிய தெற்குக் கடற்கரை நிலத்துக்குப் போட்டியைக் கொண்டுபோனார்கள். கூட்ட நெரிசலைத் தவிர்க்கத் திறந்தவெளி நல்லது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மழையில் நிலம் சேறாகிப் போனது. மாதக்கணக்காகத் தைத்த உடைகளோடு ஆட்டக்காரர்கள் சேற்றில் இறங்கினார்கள். பேராலயத்திலிருந்து தொலைவில் போனதால் கும்பிட்டுவிட்டு அப்படியே ஆட்டம் பார்க்கப் போகும் பழைய வழியும் அறுந்தது. 2024இலும் அங்கேதான். 2025இல் போட்டி மறுபடி விளையாட்டரங்குக்குத் திரும்பியது.

இடமாற்றம் பற்றிய சர்ச்சை அங்கே நீண்ட நாள் நடந்தது. எனக்கு அதில் தெரிவது கொள்ளைநோய் விட்டுச் சென்ற பிளவு. இரண்டு ஆண்டு பிரிந்திருந்த நகரத்தின் விழாவும் கோயிலின் விழாவும் மறுபடி சேரும்போது, அவை ஒன்றையொன்று ஒட்டியே இருக்க வேண்டும் என்ற எண்ணம் திட்டமிட்டவர்களிடம் வலுவாக இல்லை. மக்களிடம் இருந்தது. அதனால்தான் அவர்கள் சேற்றை மட்டும் குறை சொல்லவில்லை, தூரத்தையும் குறை சொன்னார்கள்.

அடுத்த முறைக்கு

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் அணிவகுப்பை மறுபடி நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் ரத்து ஆணையை எழுதும் வரிசையை மாற்ற முடியும். முதலில் போட்டியை என்ன செய்வது என்று தொடங்கி, கடைசியில் கோயில் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் இருந்து தொடங்கியிருக்கலாம்.

திறந்த வெளியில், இடைவெளி விட்டு, ஒரே நேரத்தில் சிலரே நின்று, ஒரு திரிக்கு ஓர் ஆட்டம் என்ற வழிபாட்டை நடத்தக் கூட்டம் தேவையில்லை. வேண்டுகிறவரும் ஆடுகிறவரும் இருந்தால் போதும். காற்றோட்டமுள்ள வெளியில் தொற்று குறைவு என்பது 2020 முடிவதற்குள் தெரிந்திருந்த செய்தி. முதிய பெண்களை வெளியே அனுப்ப முடியாது என்றால் அவர்களுடைய மகள்களோ பேத்திகளோ அவர்கள் சொல்லித்தர ஆடியிருக்கலாம். வேண்டுதல்களைத் தொலைபேசியில் வாங்கி, ஆளுக்கு ஒரு திரி ஏற்றி ஆட ஏற்பாடு செய்திருந்தால் வெளிநாட்டுச் செவிலியருக்கும் அது எட்டியிருக்கும், அந்தக் காசும் வாசலுக்கே வந்திருக்கும். 2020 புனித வாரத்தில் பிலிப்பைன்ஸின் பங்கு ஆலயங்கள் பலவற்றில் அருள்பணியாளர்கள் வண்டியில் ஏறித் தெருத்தெருவாகப் போய், வீட்டு வாசலில் குருத்தோலையோடு நின்றவர்களை ஆசீர்வதித்தார்கள். வீட்டைவிட்டு வராதே என்ற விதியும் மீறப்படவில்லை, வழிபாடும் திரைக்குள் சுருங்கவில்லை. அந்த அறிவு நாட்டிலேயே இருந்தது. சினுலோக்குக்கு அதை இன்னும் விரிவாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பணத்திலும் இதே வரிசை வேண்டும். போட்டிக்கு ஒதுக்கிய நிதி மிஞ்சும் ஆண்டில் அது முதலில் போக வேண்டிய இடம் திரி விற்பவர்கள், உடை தைப்பவர்கள், காட்சிப் பொருள் செய்பவர்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் நல்ல ஆண்டிலேயே தயாராக இருந்தால்தான் கெட்ட ஆண்டில் உதவி போய்ச் சேரும். நடனக் குழுக்களின் பட்டியல் அறக்கட்டளையிடம் எப்போதும் இருக்கிறது. மெழுகுதிரிப் பெண்களுக்கும் அப்படி ஒரு பட்டியலை நகரமும் பேராலயமும் சேர்ந்து இப்போதே எழுதத் தொடங்கலாம்.